மேடும் மிதிவண்டியும்

போடிநாயக்கனூரிலிருந்து மலையைப் பார்த்துக் கிளம்பும் சாலை முந்தல் என்ற இடத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி போடிமெட்டுக்கு ஏறி, அப்படியே மூணாறு பக்கம் போய்விடுகிறது. இன்னொன்று குரங்கணிக்குப் போகிறது. முந்தல் வரை ஒரு சாதாரண சைக்கிள் பெரிய சிரமம் இல்லாமல் வந்துவிடும். இறங்கித் தள்ளத் தயங்காதவர்கள் குரங்கணி வரைக்கும்கூட வந்துவிடலாம். அதற்கு மேல் டாப் ஸ்டேஷனுக்கோ கொழுக்குமலைக்கோ ஏறுவதென்றால், சைக்கிளை ஏதாவது ஒரு கடை வாசலில் பூட்டிவிட்டு நடக்க வேண்டியதுதான்.

மிதிவண்டியின் வரலாறு என்றாலே சக்கரம் எப்படிப் பெரிதாகி, பிறகு மறுபடி சிறிதானது என்று வரிசையாகப் படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படங்கள் எல்லாமே சமதளத்தில் வரையப்பட்டவை! ஆனால் செயின், பிரேக், ஃப்ரீவீல், கியர் என்று ஒவ்வொரு பாகமாக எடுத்துப் பார்த்தால், அதன் பின்னால் ஒரு மேடோ பள்ளமோ நிற்பது தெரியும். குரங்கணி போன்ற ஓர் அடிவாரத்தில் நின்றுகொண்டு அந்தக் கதையைத் திரும்பிப் பார்ப்பது இன்னும் வசதி.

கதை தொடங்குவது ஜெர்மனியில். ஆனால் அதற்கும் முன்னால் இந்தோனேசியாவில் என்று சொல்பவர்களும் உண்டு. 1815-ல் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் தூசியும் வானத்தை மறைத்ததில் 1816-ல் ஐரோப்பாவுக்குக் கோடைக்காலமே வரவில்லை. பயிர்கள் அழிந்தன, தீவன விலை ஏறியது, குதிரைகளை வைத்துக் காப்பாற்றுவது கடினமானது. குதிரை இல்லாமல் ஓடும் வண்டி ஒன்றைப் பற்றி அப்போதுதான் ஒருவர் தீவிரமாக யோசித்தார் என்பது ஹான்ஸ் எர்ஹார்ட் லெஸ்ஸிங் என்ற ஆய்வாளரின் கருத்து. எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் சுவாரஸ்யமான கருத்துதான்.

அந்த ஒருவர் கார்ல் டிரைஸ். பாடன் நாட்டில் வன அதிகாரியாக இருந்தவர். 1817 ஜூன் 12 அன்று மன்ஹைம் நகரிலிருந்து தன் மர வண்டியில் கிளம்பி, போய்த் திரும்ப சுமார் 14 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடந்தார். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள், திருப்புவதற்கு ஒரு கைப்பிடி, உட்கார ஓர் இருக்கை. அவ்வளவுதான் வண்டி. பெடல் கிடையாது. உட்கார்ந்தபடியே காலால் தரையை உதைத்து உதைத்து ஓட வேண்டும்.

அதே ஆண்டில் டிரைஸ் இன்னொரு பயணமும் செய்தார். கெர்ன்ஸ்பாக் என்ற ஊரிலிருந்து ஒரு செங்குத்தான குன்றைக் கடந்து பாடன் நகருக்குப் போனார். நடந்தால் இரண்டு மணி நேரம் ஆகும் வழியை ஒரு மணி நேரத்தில் முடித்தார் என்று அக்காலச் செய்தி சொல்கிறது. ஏறும்போது வண்டி அவருக்குச் சுமையாகத்தான் இருந்திருக்கும். இருபது கிலோவுக்கு மேல் எடை உள்ள மரச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு போவதில் என்ன லாபம்? லாபம் முழுவதும் இறங்கும்போதுதான். அதனால்தானோ என்னவோ, பெடல் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, டிரைஸின் வண்டியில் பின் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் இருந்தது! மிதிவண்டி மிதிப்பதற்கு முன் நிற்கக் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

பெடல் வந்தது 1860-களில், பாரீஸில். பியர் மிஷோவா, பியர் லால்மோவா, யார் முதலில் என்ற சண்டை இன்றும் முடியவில்லை. அமெரிக்காவில் 1866-ல் காப்புரிமை வாங்கியவர் லால்மோ. (ஸ்காட்லாந்துக்காரர் மக்மிலன் 1839-லேயே செய்துவிட்டார் என்று நம் பொது அறிவுப் புத்தகங்களில் வருவது உறுதியாக நிரூபிக்கப்படாத செய்தி.) அந்தப் பெடல் இப்போது குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளில் இருப்பது போல, முன் சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெடலை ஒரு முறை சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு முறைதான் சுற்றும். வேகமாகப் போக வேண்டுமா? சக்கரத்தைப் பெரிதாக்குவது ஒன்றுதான் வழி. அப்படித்தான் 1870-களில் அந்த விசித்திரமான வண்டி பிறந்தது. முன் சக்கரம் ஆள் மார்பளவு உயரம், பின் சக்கரம் தட்டு அளவு. கால் எட்டும் வரைக்கும் சக்கரத்தைப் பெரிதாக்கினார்கள். ஐந்தடி விட்டம் வரை போனது. இந்த உயர்ந்த வண்டியில்தான் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884-ல் தொடங்கி 1886-க்குள் உலகத்தையே சுற்றினார். வழியில் லாகூரிலிருந்து கல்கத்தா வரை இந்தியாவையும் கடந்தார். அவர் வந்த பாதையைக் கவனியுங்கள்: கங்கைச் சமவெளியின் கிராண்ட் டிரங்க் சாலை! மலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காரணம் இருந்தது. மேடு ஏற இந்த வண்டி உதவாது, இறங்கித் தள்ள வேண்டும். பள்ளத்தில் இறங்கினாலோ உயிருக்கே ஆபத்து. ஓட்டுபவர் கிட்டத்தட்ட முன் சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கல் தடுக்கினாலோ, பிரேக்கை அழுத்திப் பிடித்தாலோ, வண்டி அப்படியே முன்பக்கமாகக் கவிழ்ந்து தலை முதலில் தரையில் மோதும். இறக்கத்தில் போகும்போது இரண்டு கால்களையும் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொள்வது அன்றைய பழக்கம். எப்படியும் விழத்தான் போகிறோம், கால் சிக்காமல் விழலாமே என்ற ஏற்பாடு!

இங்கேதான் செயின் வருகிறது. 1885-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' வண்டியில் இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு. பெடல் நடுவில். அங்கிருந்து செயின் வழியாகப் பின் சக்கரத்துக்கு ஓட்டம் போகிறது. இன்று தெருவில் போகும் எந்த சைக்கிளைப் பார்த்தாலும் அது ரோவரின் பேரப்பிள்ளைதான். ஓட்டுபவர் தரைக்குப் பக்கத்தில், இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் வந்துவிட்டார். இறக்கத்தில் தலைகுப்புற விழும் பயம் பெருமளவு குறைந்தது. 'பாதுகாப்பு சைக்கிள்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1888-ல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். சைக்கிள் ஓட்டுவது எலும்பை உலுக்கும் வேலை என்ற நிலை மாறியது.

செயின் செய்த பெரிய வேலை ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. சக்கரத்தின் உயரத்துக்கும் வண்டியின் வேகத்துக்கும் இருந்த முடிச்சை அது அவிழ்த்துவிட்டது. இனி பல் எண்ணிக்கைதான் கணக்கு. நம்மூர் கறுப்பு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். 28 அங்குலச் சக்கரம். பெடல் பக்கம் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு மிதிக்குப் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். வண்டி 5.4 மீட்டர் நகரும். இதே தூரத்தைச் செயின் இல்லாமல், முன் சக்கரத்தில் பெடல் வைத்துக் கடக்க வேண்டுமென்றால் அந்தச் சக்கரம் 5 அடி 8 அங்குல உயரம் இருக்க வேண்டும்! யார் ஏறி உட்காருவது?

ஆனால் செயின் வந்தும் மேடு தீரவில்லை. ஒரு வண்டிக்கு ஒரே பல் கணக்கு என்றால், அது சமதளத்துக்குச் சரியாக இருக்கும், மேட்டில் கனக்கும். மேட்டுக்குத் தகுந்த மாதிரி வைத்தால் சமதளத்தில் காலைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், வண்டி நகராது. இறக்கத்தில் வேறு தொல்லை. ஃப்ரீவீல் பரவலாவதற்கு முன், சக்கரம் சுற்றும் வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்த முடியாது. ஆல்ப்ஸ் மலையில் இறங்கியவர்கள் மரக்கிளையை வெட்டி வண்டியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு இறங்கினார்கள். அதுதான் பிரேக்! 1890-களின் இறுதியில் ஃப்ரீவீல் பரவிய பிறகு காலை அசைக்காமல் இறங்க முடிந்தது. கூடவே நல்ல பிரேக்கும் கட்டாயமானது.

மேட்டுக்கு விடை தேடியவர்களில் ஒருவர் பிரான்சின் பால் தெ விவி. மலைகள் சூழ்ந்த செயின்ட் எத்தியேன் ஊர்க்காரர், 'வெலோசியோ' என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். ஒரே வண்டியில் பல கியர்கள் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க எழுதினார், தானே செய்தும் ஓட்டியும் காட்டினார். அவருக்கு நேர் எதிர் ஹென்றி தெக்ரான்ஜ், புகழ்பெற்ற டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை 1903-ல் தொடங்கியவர். கியர் என்பது வயதானவர்களுக்கும் பலமில்லாதவர்களுக்கும்தான் என்பது அவர் எண்ணம். 1910-ல் பந்தயத்தைப் பிரனீஸ் மலைத்தொடரின் துர்மலே கணவாய் வழியாகக் கொண்டுபோனபோது, அந்த ஆண்டு பட்டம் வென்ற ஒக்தாவ் லாப்பீஸே சில இடங்களில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினார். உலகத்தின் தலைசிறந்த வீரர் தள்ளுகிறார்! அதன் பிறகும் பல ஆண்டுகள், மேடு வந்தால் வீரர்கள் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, இருபக்கமும் வெவ்வேறு பல் உள்ள அச்சைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். தெக்ரான்ஜ் உடல்நலம் குன்றி விலகிய பிறகு, 1937-ல்தான் செயின் தாவும் கியர் அந்தப் பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது. தொழில்நுட்பம் இருந்தும் ஒரு மனிதரின் பிடிவாதம் எத்தனை பேரைத் தள்ள வைத்திருக்கிறது!

இங்கிலாந்தில் வேறு மாதிரி விடை கிடைத்தது. பின் சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே பல்சக்கரங்களை ஒளித்து வைத்து மூன்று வேகம் தரும் ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் 1902-ல் உருவானது. தூசி போகாது, மழை படாது, அடிக்கடி பழுதாகாது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

அதே 1902-ஆம் ஆண்டு குரங்கணிக்கு மேலே இருந்த மலையில் என்ன நடந்துகொண்டிருந்தது?

மூணாறு பகுதித் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தேயிலைப் பெட்டிகளை மலைக்குக் கீழே இறக்க ஒரு வழி வேண்டியிருந்தது. 1902-ல் மூணாறிலிருந்து மலை விளிம்பு வரை ஒரு மோனோரயில் போட்டார்கள். ஈவிங் முறை என்று அதற்குப் பெயர். ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் எடையில் பெரும்பகுதி அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் உருளும் சக்கரங்கள் மேல். சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம், அது சாலையில் ஓடும். இழுப்பதற்குக் காளைகள்! பின்னர் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய மோனோரயிலும் இதே முறைதான். அதன் எஞ்சினை டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சைக்கிளைப் போலவே இதுவும் ஒற்றைத் தடத்தில் ஓடியது. ஆனால் சைக்கிள் விழப் போகும் பக்கம் ஹேண்டிலைத் திருப்பித் தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். தண்டவாளத்தில் திரும்ப வழியில்லை, அதனால் துணைச் சக்கரம் தேவைப்பட்டது.

1908-ல் மோனோரயில் போய் இரண்டடி அகலக் குறுகிய ரயில் பாதை வந்தது. அந்தப் பாதை முடிந்த மலை விளிம்புதான் டாப் ஸ்டேஷன். இன்று மேகம் பார்க்கப் போகும் சுற்றுலாப் பயணிகள் பலருக்கு, அது உண்மையிலேயே ஒரு ஸ்டேஷன் என்பது தெரியாது. அங்கிருந்து கீழே இறங்கும் சரிவில் ரயிலும் போகாது, மாட்டு வண்டியும் போகாது. கம்பி வடம் கட்டினார்கள். தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி குரங்கணி அடிவாரத்துக்கு இறங்கின. மேலே டாப் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன், நடுவில் இருந்த சென்ட்ரல் ஸ்டேஷன் இன்றும் அதே பெயரில் ஒரு மலைக்கிராமமாக இருக்கிறது. தரையில் உருள முடியாத இடத்தில் சக்கரம் கம்பியில் உருண்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கீழே வந்த பெட்டிகள் மாட்டு வண்டியில் போடிக்கும், அங்கிருந்து அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்துக்கும் (இன்றைய கொடைக்கானல் ரோடு) போய், தூத்துக்குடியில் கப்பல் ஏறின. 1924 வெள்ளத்தில் மூணாறு ரயில் பாதை அடித்துச் செல்லப்பட்டது. மறுபடி போடவே இல்லை. 1928-ல் மதுரையிலிருந்து போடி வரை மீட்டர் கேஜ் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டு, 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதையாக மாற்ற 2010-ன் இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில், போடிக்குத் திரும்பி வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டரை ஆண்டுகள்! போடிக்கு ரயில் வருவதும் போவதும் ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இத்தனை விதச் சக்கரங்கள் வந்த இந்த மலையில் சாதாரண மனிதர்களுக்கு என்ன கிடைத்தது? கால்கள்தான். ரோப்வே தேயிலைக்காகக் கட்டப்பட்டது. ஏலக்காய், காபி, இலவம் பஞ்சு ஆகியவை தலைச்சுமையாகவும் குதிரை, கோவேறு கழுதை முதுகிலும் இறங்கின. தேர்தல் வந்தால் போடி மலைக்கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் குதிரை மேல் ஏறிப் போகும் படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குச் சாலை வேண்டும் என்ற கோரிக்கையும் பல ஆண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கிறது.

மலைக்குக் கீழே, போடி, தேனிப் பக்கத்துச் சமதளத்தில் கதையே வேறு. அங்கே சைக்கிள் ராஜா. முதலில் வந்தவை ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான வண்டிகள். சுதந்திரத்துக்குப் பிறகு உள்நாட்டிலேயே தயாராகத் தொடங்கின. முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனத்துடன் சேர்ந்து 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது, சென்னை அம்பத்தூரில் தொழிற்சாலை. வங்காளத்தின் ஆசன்சோலில் சென் ராலே, சோனிபட்டில் 1951-ல் அட்லஸ், லூதியானாவில் 1956-ல் ஹீரோ. உலகிலேயே அதிக சைக்கிள் தயாரிக்கும் நிறுவனம் என்று 1986-ல் கின்னஸ் புத்தகத்தில் ஹீரோ இடம்பிடித்தது. அட்லஸ் 2020-ல் தன் கடைசித் தொழிற்சாலையையும் நிறுத்தியது. நிறுத்திய நாள் ஜூன் 3, உலக சைக்கிள் தினம்!

இந்தத் தொழிற்சாலைகள் பல பத்தாண்டுகள் செய்து தள்ளியது ஏறக்குறைய ஒரே வண்டியைத்தான். கறுப்பு நிறம், 22 அல்லது 24 அங்குல பார் சட்டம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், கனமான கேரியர், கியர் இல்லை. ஸ்டர்மி ஆர்ச்சர் காலத்து இங்கிலாந்து வண்டியின் அச்சுதான், கியரை மட்டும் கழற்றிவிட்டார்கள். ஏன்? விலை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவது, கோட்டம் எடுப்பது, பால்ரஸ் மாற்றுவது, ஓவராயில் செய்வது எல்லாவற்றையும் ஒரு மரத்தடியில், ஒரு சுத்தியலும் நாலு ஸ்பேனரும் வைத்துக்கொண்டு முடித்துவிடலாம். உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். கேரியரில் பால் கேன், புல்லுக்கட்டு, வாழைத்தார், நெல் மூட்டை, பின்னால் மனைவி, முன் பாரில் பிள்ளை என்று எதை ஏற்றினாலும் தாங்கும். இந்த எளிமைதான் அதன் பலம். அதைக் குறை சொல்வது நியாயமில்லை.

அந்த உயரமான வண்டியில் சிறு பிள்ளைகள் கற்றுக்கொண்ட விதம் உலக சைக்கிள் வரலாற்றுப் புத்தகங்களில் வர வேண்டிய ஒன்று. சீட்டில் ஏறினால் கால் எட்டாது. அதனால் பாருக்குக் கீழே, முக்கோணச் சட்டத்துக்குள் ஒரு காலை விட்டு, உடம்பை ஒரு பக்கமாக ஒடித்துக்கொண்டு, அரை அரைச் சுற்றாக மிதித்து ஓட்டுவது. பெயர் குரங்குப் பெடல்! (குரங்கணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில், நேரம் முடிவதற்குள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு திரும்பிய தலைமுறைகள் உண்டு. உள்ளாட்சிக்கு வரி கட்டி வில்லை வாங்க வேண்டியிருந்ததும், இரவில் விளக்கில்லாமலோ டபுள்ஸோ போனால் போலீஸ் பிடித்ததும் அந்தக் காலம்தான்.

ஆனால் நீண்ட காலம் அந்த வண்டி ஆண்களின் வண்டியாகவே இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டப் பழகுவதையும் எழுத்தறிவோடு சேர்த்தார். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பழகினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். கேலியும் கிண்டலும் இருந்தன. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. கவலைப்படாமல் பார் வைத்த சைக்கிளையே ஓட்டினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம்! பஸ்ஸுக்குக் காத்திருந்து வீணான நேரம் மிச்சமானது, சந்தைக்குப் பொருளைத் தாங்களே கொண்டுபோக முடிந்தது. புதுக்கோட்டை பெரும்பாலும் மேடு பள்ளம் குறைந்த வறண்ட சமவெளி என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பழகிய வாரமே பத்து கிலோமீட்டர் போக முடிந்ததற்கு அந்தத் தரையும் ஒரு காரணம்.

பிறகு அரசே சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2001-02-ல் பதினோராம் வகுப்பு படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் திட்டம் வந்தது. 2005-06-ல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் எல்லா மாணவ மாணவிகளுக்கும் விரிவானது. 2006-ல் பீகாரும் மாணவிகளுக்கு இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. மேல்நிலைப் பள்ளி ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில், பத்தாவதோடு படிப்பு நிற்பதற்கும் பன்னிரண்டு வரை போவதற்கும் நடுவில் அந்த சைக்கிள் நிற்கிறது.

அந்த சைக்கிளும் கியர் இல்லாத வண்டிதான். தஞ்சாவூர் மாணவிக்கும் அதே வண்டி, போடி அடிவாரத்து மாணவிக்கும் அதே வண்டி. இதில் என்ன வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

உடல் உழைப்புக்குப் பழகிய ஒருவர் நீண்ட நேரம் தொடர்ந்து தரக்கூடிய சக்தி 75 முதல் 100 வாட் வரைதான். ஓட்டுபவர் 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ, மொத்தம் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் சாலையில் 100 வாட்டுக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 137 மீட்டர். ஒரு மிதிக்கு 5.4 மீட்டர் போகும் நம் சைக்கிளில் அது நிமிடத்துக்கு 25 சுற்று. அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டரை விநாடி! மனிதக் கால் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அழுத்தமாக மிதிக்கப் படைக்கப்படவில்லை. நிமிடத்துக்கு 50, 60 சுற்றுதான் அதற்குச் சௌகரியம். பெடல் மேல் எழுந்து நின்று உடல் எடை முழுவதையும் போட்டு மிதித்து, இருநூறு முந்நூறு மீட்டரில் மூச்சு வாங்கி இறங்கிவிடுவார்கள். பலம் இல்லை என்பதல்ல காரணம், பல் கணக்கு தப்பு. ஒரு மிதிக்கு இரண்டரை மீட்டர் நகரும் கியர் இருந்தால் அதே ஆள், அதே 100 வாட்டில், நிமிடத்துக்கு 55 சுற்று மிதித்தபடி உட்கார்ந்தே ஏறலாம்.

மலைக்கென்றே ஒரு சைக்கிள் வந்ததும் இப்படித்தான். 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டமால்பயஸ் மலையில் ஒரு இளைஞர் கூட்டம் பழைய கனத்த சைக்கிள்களை மேலே கொண்டுபோய் மண் பாதையில் இறக்கி விளையாடியது. இறங்கி முடிப்பதற்குள் பின் சக்கர பிரேக் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் ஆவியாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். 1976-ல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர் வந்ததே அதனால்தான்! கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் போன்றவர்கள் அந்த வண்டியில் கியரையும் நல்ல பிரேக்கையும் சேர்த்து, ஏறவும் இறங்கவும் முடிகிற சைக்கிளாக்கினார்கள். 1981-ல் அது தொழிற்சாலையில் தயாராகி விற்பனைக்கு வந்துவிட்டது. நம் கடைகளிலும் அதே தோற்றத்தில் தடித்த டயர், ஸ்பிரிங் வைத்த சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் கியர் கிடையாது என்பதுதான் வேடிக்கை. மலைச் சைக்கிளின் சட்டை போட்ட சமதளச் சைக்கிள்!

அடிவாரத்து ஊர்களுக்கு முழு கியர் சைக்கிள் கொடுப்பது நடைமுறையில் கடினம்தான். செயின் தாவும் கியர் தூசியிலும் மழையிலும் சீக்கிரம் கெடும், பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் குறைவு. ஸ்டர்மி ஆர்ச்சர் போல அச்சுக்குள் மூடிய மூன்று வேகக் கியர் ஏற்றது, ஆனால் விலை கூடும். இவை இரண்டும் இல்லாமல் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. 18 பல் ஃப்ரீவீலுக்குப் பதில் 22 பல் ஃப்ரீவீல். ஒரு மிதிக்கு 5.4 மீட்டர் என்பது 4.4 மீட்டராகக் குறையும். ஐந்து சத ஏற்றத்தில் இது போதாது, அங்கே தள்ளத்தான் வேண்டும். ஆனால் நூறுக்கு மூன்று மீட்டர் ஏறும் சாலையில் நிமிடத்துக்கு 39 சுற்றாக இருந்தது 48 ஆகிவிடும். இறங்காமல் ஏறிவிடலாம். விலையாகக் கொடுப்பது சமதளத்தில் கொஞ்சம் வேகம். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கிலோமீட்டர் போகும் வண்டி 16-தான் போகும். மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடம் போய்ச் சேர அது போதும். ஃப்ரீவீலை மாற்றுவது சைக்கிள் கடைக்காரருக்குச் சில நிமிட வேலை, செயினில் ஒன்றிரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கும்.